தோணி ஆசாரியும் ஒரு 'டும்'மும்

போனஸ் வந்ததும் மண்டைக் குடைச்சல்! ஹோம் தியேட்டருக்கு சப்வூஃபரை வாங்குவதா, கட்டுவதா? தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிகளை வேடிக்கை பார்த்தபடி நண்பனிடம் புலம்பினேன்.

"ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் எப்படியும் வாங்கணும். மிச்சமாவது பெட்டிக் காசுதான். மூடின பெட்டியில துளி இடுக்கு இருந்தாலும் காத்து சீறி, 'டும்' போய் 'புஸ்' ஆயிடும். வாரன்டியும் கிடையாது!"

பக்கத்தில் நின்ற தோணி ஆசாரி சிரித்தார்.

"தண்ணி புகாம தோணியே கட்டுதோம், தம்பி. காத்து போகாம ஒரு பொட்டி கட்ட மாட்டோமா? மரத்தூள் பலகை மட்டும் வேண்டாம், ஈரம் பட்டா ஊதிப் போயிரும். 18 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கிட்டு வாங்க."

கட்டியாச்சு. 'புஸ்' இல்லை, சுத்தமான 'டும்'! இனி வீட்டு ஓனர் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.