வலிக்கவில்லை என்பதால் விட்டுவிடலாமா?

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு மௌனம் என்றால் பயம். ஒலிபரப்பு ஐந்து விநாடி நின்றாலே கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் ஓடுவோம். சிறுநீரகமோ பெருமளவு பழுதான பிறகும் சத்தம் போடாது. முன்கூட்டியே அது காட்டும் அடையாளங்களில் ஒன்று, சிறுநீரில் கசியும் புரதம்.

என் பெரியப்பாவுக்கு இருபது ஆண்டாக இனிப்புநீர். கால் வீங்கும்வரை ஒரு வலியும் இல்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அதனால்தான், சென்ற ஆண்டு அம்மாவின் பரிசோதனைத் தாளில் '8' என்ற எண்ணைப் பார்த்ததும் எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவுக்கும் இனிப்புநீர் உண்டு.

அந்த எண் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து பிரிக்கின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் உடலுக்கே திரும்புகிறது. அல்புமின் என்ற புரதம் உருவில் பெரியது; வடிகட்டியைத் தாண்டாமல் இரத்தத்திலேயே தங்கிவிடும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வடிகட்டியைக் கெடுக்கும்போதுதான் அது கசிகிறது. விகிதம் ஒரு மில்லிமோலுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 3 முதல் 30 வரை மிதமான கசிவு. 30-ஐத் தாண்டினால் கடுமை.

ஆனால் ஒரே முடிவை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் ஆகியவையும் எண்ணை ஏற்றிவிடும். அதனால், அடுத்த சில மாதங்களில் காலையின் முதல் சிறுநீரைக் கொண்டு மறுபடி சோதிப்பார்கள். அம்மாவுக்கு இரண்டாம் முறை 7 வந்தது. கசிவு உறுதியானது.

உடனே உறவினர்கள் பருப்பையும் முட்டையையும் நிறுத்தச் சொன்னார்கள். சாப்பிட்ட பருப்பு அப்படியே சிறுநீரில் வருவதில்லை. கோளாறு வடிகட்டியில் இருக்கிறது. உணவில் என்ன மாற்றம் வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்பதே நல்லது.

மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். அந்த வகை மாத்திரைகள் சில, வடிகட்டியின் மேல் விழும் அழுத்தத்தையும் தணித்துக் கசிவைக் குறைக்கும்.

"எனக்குத்தான் ஒன்னும் வலிக்கலையே, எதுக்கு இன்னொரு மாத்திரை?" என்றார் அம்மா.

"பெரியப்பாவுக்கும் வலிக்கலையேம்மா" என்றேன். அதன்பின் அவர் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. ஆறு மாதத்தில் எண் 4-க்கு இறங்கியது.

வீட்டில் யாருக்காவது இனிப்புநீரோ இரத்தக் கொதிப்போ இருந்தால், அடுத்த முறை கிளினிக்கில் இந்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இரத்தத்தில் கிரியேட்டினின் சரியாக இருக்கும்போதே சிறுநீரில் அல்புமின் கசியலாம். தொடக்கக் கசிவில் நுரைகூடத் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சிறு குப்பிச் சிறுநீர் கொடுத்தால் போதும்.