முதலில் மண்ணைத் தொட்டுப் பார்ப்பம்

அன்பு எண்டால் ஊத்துறது என்றுதான் எங்களுக்குப் பழக்கம். வீட்டுக்குப் போனால் கேட்காமலே இன்னொரு அகப்பை சோறு விழும். முற்றத்துச் செவ்வரத்தைக்கும் மல்லிகைக்கும் காலையும் மாலையும் வாளியோடு தண்ணி. அப்படி வளர்ந்த நாங்கள் நாலு பேரும் இப்ப ஒரு வாடகை அறையின் யன்னலோரம் ஹவோர்த்தியா ஒன்றை வளர்க்கிறம். உள்ளங்கைக்குள் அடங்கும் செடி. கரும்பச்சை இலைகளில் வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடுகள்.

இதன் ஊர் தென்னாபிரிக்கா. அங்கே பற்றை நிழலிலும் கல்லிடுக்கிலும் வளர்கிறதால் யன்னல் வெளிச்சமே இதுக்குக் காணும். உச்சி வெயில் பட்டால் இலை சிவந்துபோகும். தண்ணியை இலைக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைவாயைத் திறக்கும். இது இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து, அமிலமாக வைத்திருந்து, பகலில் வாயை மூடிக்கொண்டு உணவாக்கும். வெயிலில் நீர் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வாசலில் தலைகீழாகத் தொங்கும் கற்றாழை மண்ணே இல்லாமல் நெடுநாள் பச்சையாக இருப்பதும் இதே கெட்டித்தனத்தால்தான்.

ஆகவே இதைக் கொல்லச் சுலபமான வழி, தினமும் தண்ணி ஊத்துறது. மண் எந்நேரமும் ஈரமாயிருந்தால் வேருக்குக் காற்றில்லை, அழுகிவிடும். எங்கட சாடியில் பாதி குருமணலும் செங்கல் துண்டும், அடியில் ஓட்டை. விரலை உள்ளே விட்டுப் பார்த்து, நல்லாக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணி. சோளகக் காத்துக்கு மண் கெதியாகக் காயும். மாரியில் கிழமைக்கணக்கில் ஒன்றும் தேவைப்படாது. இலை மெலிந்து சுருங்கினால் தாகம். மெத்தென்று மஞ்சளித்தால் தண்ணி கூடிப்போச்சு.

சொல்ல லேசு. கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதுதான் கஷ்டம். போன வருசம் எங்களில் ஒருத்தியின் அப்பா தவறினார். திரும்பி வந்தவள் கதைக்கவேயில்லை. ஒருநாள் அவளே சொன்னாள்: “ஒண்டும் கேக்காமல் பக்கத்தில இருங்கடி, அது காணும்.” அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு நாலு பேரும் பேசாமல் இருந்தம். கனநேரத்துக்குப் பிறகு, தானாகவே அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள்.

செடியின் அடியில் இப்ப மூன்று குட்டிகள். வேர்விட்டதும் பிரித்து, காயம் காய இரண்டு நாள் வைத்துவிட்டு நடலாம். தாயோடு சேர்த்து நாலு சாடி. படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊர் போகேக்க, ஆளுக்கொன்று.