அசல் வாரிசு யார் ஸார்?

கராத்தே என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? புரூஸ் லீ என்றால் மார்க் கிடையாது. அவர் குங்ஃபூ ஆசாமி. 'ஜப்பான்' என்று பொதுவாகச் சொன்னால் அரை மார்க். 'ஒகினாவா' என்றால்தான் முழு மார்க்!

ஜப்பானின் தென்மேற்குக் கோடியில், தைவானைப் பார்த்து நீண்டு கிடக்கும் தீவுக் கூட்டம் அது. 1879-ல் ஜப்பான் இணைத்துக்கொள்ளும் வரை ரியூக்யூ என்ற பெயரில் தனி ராஜ்யம். பிரதான தீவின் பரப்பு சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சியைப் போல மூன்று மடங்குகூடத் தேறாது. இந்தத் துக்கடா இடத்தில் 350-க்கும் மேற்பட்ட கராத்தே டோஜோக்கள்! டோஜோ என்றால் பயிற்சிக்கூடம். நிறைய டோஜோக்கள் வாத்தியார் வீட்டிலேயே இருக்கும். மாடியில் குடித்தனம், கீழே குத்து, உதை.

எந்த டோஜோவுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது சுவர். வரிசையாகக் கறுப்பு வெள்ளை போட்டோக்கள். குரு, குருவின் குரு, அவருக்கும் குரு. சந்தன மாலை போடாததுதான் பாக்கி. வாத்தியாரின் பயோடேட்டா முழுக்க அந்தச் சுவர்தான். பக்கத்தில் மாணவர்களின் பெயர்களைச் சின்னச் சின்ன மரப் பட்டைகளில் எழுதி, தகுதி வரிசைப்படி தொங்கவிட்டிருப்பார்கள். நம் ஆபீஸ் சீனியாரிட்டி லிஸ்ட்டேதான். யாரும் ஸ்டே வாங்குவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தச் சுவரில் பார்த்த அதே பெரியவர், அடுத்த தெரு டோஜோ சுவரிலும் இருக்கிறார். அதற்கடுத்த தெருவிலும்! கேட்டால் மூவருமே அவருக்கு வாரிசு. திருநெல்வேலி அல்வாக் கடைகளில் 'அசல்', 'ஒரிஜினல்', 'பழைய' என்று போர்டு பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அல்வாவை ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிடலாம். கராத்தேயை எப்படி ருசி பார்ப்பது?

வாங்க, ரயில் ஏறுவோம்.

தலைநகரம் நாஹா. ஏர்போர்ட் வாசலிலேயே மோனோரெயில். 2003-ல் ஓடத் தொடங்கியது. ஏறி உட்கார்ந்தால் பழைய அரச நகரமான ஷுரிக்கு அரை மணி நேரப் பயணம். கராத்தே சரித்திரத்தின் பெரும் பகுதி இந்தத் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும்தான் நடந்திருக்கிறது. துறைமுகப் பக்கத்து ஆட்களின் கலை 'நாஹா கை', அரண்மனைப் பக்கத்து ஆட்களின் கலை 'ஷுரி கை', நடுவில் இருக்கும் இன்னொரு துறைமுகத்துக்கு 'டொமாரி கை'. மேற்கு மாம்பலம் கை, மயிலாப்பூர் கை என்று நாம் பிரித்துக்கொள்கிற மாதிரி.

கென்ச்சோமே ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் மட்சுயாமா பூங்கா வருகிறது. அங்கே இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே நினைவுக் கல். ஒருவர் ஹிகாஒன்னா கான்ரியோ (1853-1915). இன்னொருவர் அவருடைய சிஷ்யர் மியாகி சோஜுன் (1888-1953). கல் நிற்கிற இடம் பொருத்தமான இடம். 1392 வாக்கில் சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறிய கூமே என்ற பேட்டை இதுதான். ஹிகாஒன்னாவும் ஃபூஜியனின் ஃபூச்சோ நகரத்துக்குப் போய், ரியூ ரியூகோ என்று ஒகினாவாக்காரர்கள் சொல்லும் ஒரு குருவிடம் படித்துவிட்டு வந்தவர்.

அந்த ரியூ ரியூகோ யார்? அங்கேதான் முதல் முடிச்சு. பெயர் காதில் விழுந்த மாதிரி வந்து சேர்ந்திருக்கிறது, எழுத்தில் இல்லை. 'இன்னார்தான் அவர்' என்று ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொருவரைக் காட்டுகிறார்கள். மியாகியே 1915-ல் குருவின் குருவைத் தேடி ஃபூச்சோவுக்குக் கப்பல் ஏறினார். ஆளைச் சந்திக்க முடியாமலே திரும்பினார். ஆக, பரம்பரையின் உச்சாணிக் கொம்பிலேயே ஒரு கேள்விக்குறி தொங்குகிறது!

இந்த மியாகியின் பெயரை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். 1984-ல் வந்த 'தி கராத்தே கிட்' படத்தில் பையனை கார் துடைக்க வைத்தே கராத்தே கற்றுத்தரும் 'மிஸ்டர் மியாகி' தாத்தாவுக்குப் பெயர் இவரிடமிருந்துதான் போனது. கதை எழுதிய ராபர்ட் மார்க் கேமன், மியாகியின் கோஜு-ரியூ பிரிவில் பயின்றவர். இரண்டாம் பாகத்தில் தாத்தா ஒகினாவாவுக்கே திரும்பிப் போகிறார். ஷூட்டிங் நடந்ததென்னவோ ஹவாயில். 'அசல்' என்ற சொல்லுக்கு சினிமாவில் அவ்வளவுதான் மரியாதை.

நிஜ மியாகி வாரிசு விஷயத்தில் துரதிர்ஷ்டசாலி. ஷின்சாடோ ஜின்ஆன் என்ற மாணவரைத்தான் அடுத்த ஆளாக மனதில் வைத்திருந்தார் என்பது பரவலான கருத்து. அவர் 1945 யுத்தத்தில் செத்துப் போனார். அதற்குப் பிறகு யாரையும் முறைப்படி அறிவிக்காமலே, 1953-ல் மியாகியும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். உயில் எழுதாத அப்பா செத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

சொத்து பிரிந்தது. மியாசாடோ எய்இச்சி 1957-ல் ஆசாடோ பகுதியில் ஜுன்டோகான் டோஜோவைத் திறந்தார். குருவின் தோட்டத்தில் இருந்த பயிற்சிக் கருவிகள் தங்களிடம்தான் வந்தன என்பது அவர்கள் பெருமை. யாகி மெய்டோகுவின் மெய்புகான்காரர்களோ, 1963-ல் மியாகி குடும்பமே குருவின் பயிற்சி உடையையும் பெல்ட்டையும் எங்கள் ஆசிரியரிடம் கொடுத்தது என்பார்கள். ஹிகா செகோவோ ஹிகாஒன்னாவிடமே நேரடியாகப் படித்தவர். சீனியாரிட்டியில் யாரும் கிட்டே நெருங்க முடியாது. ஒருவரிடம் கருவி, ஒருவரிடம் உடுப்பு, ஒருவரிடம் சர்வீஸ்!

இதில் யாரும் புளுகுகிறார்கள் என்று அர்த்தமில்லை. மியாகி எல்லோருக்கும் எல்லாவற்றையும் கற்றுத்தந்தவர் இல்லை. 'சான்சின்' என்ற அடிப்படைக் கடாவை அனைவருக்கும் கொடுப்பார். மேலே உள்ள கடாக்களில், உடல்வாகைப் பார்த்து ஒருவனுக்கு இது, இன்னொருவனுக்கு அது. (கடா என்றால் எதிரி இருப்பதாகப் பாவித்துச் செய்யும் அசைவுத் தொடர். ஆட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) ஆகவே ஒவ்வொரு மாணவரும் 'குரு எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்' என்று சத்தியமே பண்ணலாம். அத்தனையும் உண்மையாக இருக்கும்.

"சரி, பெரிய பெல்ட் யாரிடம் இருக்கிறதோ அவர்தானே வாரிசு?" என்று கேட்பீர்கள். கறுப்பு பெல்ட்டும் 'டான்' பட்டமும் ஒகினாவா சரக்கே இல்லை ஸார்! ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1880-களில் தன் மாணவர்களுக்காக ஏற்படுத்திய ஏற்பாடு அது. ஷுரியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஃபுனாகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவுக்குப் போனார். 1924-ல் அங்கேதான் கராத்தேயின் முதல் கறுப்பு பெல்ட்டுகளை ஏழு பேருக்குக் கொடுத்தார். மியாகி கடைசிவரை யாருக்கும் டான் பட்டம் கொடுக்கவில்லை. ஒகினாவாவில் சங்கம் வைத்து முறையாகப் பட்டம் வழங்கத் தொடங்கியதே 1956-ல். அப்போது தீவு அமெரிக்கா கையில். 1972 வரை அப்படித்தான். முகாமில் ஒன்றிரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் சிப்பாய்க்கு, பெட்டியில் வைத்து எடுத்துப்போக ஒரு காகிதம் வேண்டுமே!

அப்படியானால் பழைய காகிதங்கள் எங்கே? இதற்குப் பதில் சொல்ல நாஹாவிலிருந்து பஸ் பிடித்து, தீவின் தென்முனையில் உள்ள மாபுனிக்குப் போக வேண்டும். கடலைப் பார்த்து அலை அலையாகக் கறுப்புக் கற்சுவர்கள். 2,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். ஒகினாவாக்காரர், ஜப்பானியர், அமெரிக்கர், கொரியர் என்று பேதம் பார்க்காமல், அந்தச் சண்டையில் செத்த அத்தனை பேரும் ஒரே வளாகத்தில். 1944 அக்டோபர் 10-ம் தேதி குண்டுவீச்சில் நாஹாவில் பத்தில் ஒன்பது பங்கு எரிந்து போனது. 1945 வசந்தத்தில் நடந்த தரைப்போரில் தீவு ஜனங்களில் நாலில் ஒருவர் மாண்டார் என்கிறார்கள். குருமார்கள், மாணவர்கள், நோட்டுப் புத்தகங்கள், போட்டோக்கள், குடும்ப ஆவணங்கள்... எல்லாம் போச்சு. அந்தச் சுவர் முன் நின்றால், 'அசல் யார்?' என்ற கேள்வியைச் சத்தமாகக் கேட்கவே கூச்சமாக இருக்கும். மிஞ்சியவர்கள் தங்கள் உடம்பில் இருந்ததை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அதுதான் இன்று நாம் பார்ப்பது.

திரும்பி வந்து மோனோரெயிலில் ஷுரிக்குப் போவோம். குன்றின் மேல் அரண்மனை. இந்த அரண்மனை 1453, 1660, 1709, 1945 என்று நாலு தடவை எரிந்திருக்கிறது. 1992-ல் மறுபடி எழுப்பினார்கள். 2019 அக்டோபர் 31 விடியலில் ஐந்தாம் தடவையாக எரிந்தது. ஜனங்கள் தெருவில் நின்று அழுதார்கள். 27 வருஷக் கட்டடம்தானே, 'டூப்ளிகேட்'தானே என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி தச்சர்களைக் கூப்பிட்டு வேலை தொடங்கிவிட்டார்கள்.

இதே ஷுரியில் மோடோபு என்று அரச குடும்பத்தின் ஒரு கிளை. அவர்கள் வீட்டு வித்தை, மூத்த பிள்ளைக்கு மட்டும். மோடோபு சோயூ (1857-1928) காலத்தில் ராஜ்யமே இல்லை. அவர் குடும்பத்துக்கு வெளியே உயெஹாரா செய்கிச்சி என்ற சிறுவனுக்கு அதைக் கற்றுத்தந்தார். ஒரு பொறுப்பும் கொடுத்தார்: 'என் மகனுக்கு நீ சொல்லிக்கொடு.' அந்த மகன் போரில் இறந்துபோனார். உயெஹாரா என்ன செய்தார்? அடுத்தவர் சொத்தைப் பத்திரமாக வைத்திருப்பவரைப் போல வைத்திருந்தார். 2003-ல், தன் 99-வது வயதில், குருவின் தம்பி மகன் மோடோபு சோசெயிடம் தலைமையை ஒப்படைத்தார். மறுவருஷம் கண்ணை மூடினார். இந்தக் கதையிலும் சந்தேகம் கிளப்புகிறவர்கள் உண்டு. நேரில் பார்த்த சாட்சி அந்த ஒரே மனுஷர்தானே! இருக்கட்டும். முக்கால் நூற்றாண்டு தினம் தினம் பயிற்சி செய்து ஒரு கலையைக் காப்பாற்றி, கடைசியில் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது.

ரத்த வாரிசு இருந்தால் மட்டும் வம்பு ஓய்ந்துவிடுமா? உயெச்சி கான்புன் 1897-ல் ஃபூச்சோ போய்க் கற்று வந்த உயெச்சி-ரியூவில் மகன், பேரன் என்று தெளிவான வரிசை. மகன் கான்எய் 1991-ல் காலமான சமயத்தில் மூத்த மாணவர்களில் பெரும் பகுதியினர் தனி அமைப்பாகப் பிரிந்தார்கள். வேறு பெயரும் வைத்துப் பார்த்தார்கள். பெயர்ப் பலகை மாறியது; காலையில் எழுந்து செய்கிற சான்சின் மாறவில்லை.

இந்த இடத்தில் யாராவது ஒரு நண்பர் கையைத் தூக்குவார். "எல்லாத்துக்கும் மூலம் நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே?" 2011-ல் 'ஏழாம் அறிவு' பார்த்த சூடு இன்னும் ஆறாதவர். சங்கடமான பதில்தான் இருக்கிறது. பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது; இன்னொன்று பாரசீகத்தவர் என்கிறது. ஷாவோலின் மடத்துப் பிக்குகளுக்கு அவர்தான் உடற்பயிற்சி கற்றுத்தந்தார் என்ற கதையோ, 1624 என்று தேதி போட்ட ஒரு நூலில்தான் தலைகாட்டுகிறது. நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி! தாத்தா படத்தைச் சுவரில் மாட்டும் ஆசை ஒகினாவாக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை, நமக்கும் உண்டு.

கடைசி நிறுத்தம், நாஹாவை ஒட்டிய டொமிகுசுகு. 2017-ல் திறந்த 'ஒகினாவா கராத்தே கைகான்'. இங்கே எல்லாப் பிரிவினருக்கும் இடம் உண்டு. கண்காட்சிக் கூடத்தில், மரப்பிடி சொருகிய கல், விரல் பிடியில் தூக்கும் மண் ஜாடி என்று பழைய கருவிகள். 'சீனக் கை' என்ற பொருளில் எழுதிவந்த கராத்தேயை, உச்சரிப்பை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றி 'வெறும் கை' ஆக்கிக்கொள்ள 1936 அக்டோபர் 25-ல் ஆசான்கள் நாஹாவில் கூடினார்கள். அந்தத் தேதிதான் இன்று ஒகினாவாவின் கராத்தே தினம். பாருங்கள், பெயரே நடுவில் வந்ததுதான்!

போகிறவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வராதீர்கள். ஏதாவது ஒரு டோஜோவில் முன்கூட்டி அனுமதி கேட்டு, ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். சான்சினில் ஒரு சோதனை உண்டு. நீங்கள் மூச்சை இழுத்துவிட்டு, கால் விரலால் தரையைக் கவ்வி நிற்பீர்கள். வாத்தியார் மெதுவாக உங்களைச் சுற்றி வருவார். திடீரென்று இரண்டு தோளிலும் உள்ளங்கையால் 'பட்' என்று ஓர் அறை! ஆடாமல் நின்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார். ஆடினால், "மறுபடி" என்பார்.

அவரையும் அவருடைய வாத்தியார் அப்படித்தான் அறைந்திருப்பார். அவரை, சுவரில் இருக்கும் பெரியவர். அந்த அறை எந்த நெருப்பிலும் எரியாமல் வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் சர்டிபிகேட் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை... உங்களுக்கும் ஞாபகம் வராது, தோள் எரிகிற எரிச்சலில்!