கண்ணுக்குத் தெரியாத துரு

பண்டமாரானில் வீசும் காற்றில் கடலின் உப்பு கலந்திருக்கும். கிள்ளான் நகருக்கும் துறைமுகத்திற்கும் இடையே அமைந்த ஊர் அது. அத்துறைமுகம் 1901ஆம் ஆண்டு சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்னும் பெயரில் திறக்கப்பட்டது. 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட வாகனங்களின் உதிரிப்பாகங்கள் கொள்கலன்களில் இங்கு வந்திறங்குகின்றன. அவற்றை நம்பிப் பழைய மகிழுந்துகளை ஓட்டி வரும் குடும்பங்கள் பல.

அத்தகைய ஒரு குடும்பத்தின் வீட்டுத் தாழ்வாரத்தில், தானியங்கிக் கியர்ப்பெட்டி ஒன்று மூன்று ஆண்டுகளாகக் கிடந்தது. என்றாவது தேவைப்படும் என்று தந்தை அதை மலிவு விலையில் வாங்கி, நெகிழித்தாளால் மூடி வைத்திருந்தார். அந்த நாளும் வந்தது. மகிழுந்தின் கியர்ப்பெட்டி பழுதானது. வீட்டிலுள்ள பாட்டிக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை. அவரை அழைத்துச் செல்ல அந்த மகிழுந்து ஒன்றுதான் இருந்தது.

மகன் தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் பயில்பவன். நெகிழித்தாளை விலக்கியதும் அவன் முகம் வாடியது. அலுமினியக் கூட்டின் மேல் வெண்பொடி பூத்திருந்தது. எஃகாலான எண்ணெய்த் தட்டும் திருகாணிகளும் செந்துரு ஏறிக் கிடந்தன. அடுத்த தெருவிலுள்ள பட்டறைக்கு அதைக் கொண்டு சென்றான்.

“கம்பித் தூரிகையால் தேய்த்து இன்றைக்கே மாட்டிவிடலாமா, மாமா?”

“தேய்க்கலாம், தம்பி. வெளியே இருக்கும் துரு ஒரு மணி நேர வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?” என்றார் பட்டறைக்காரர்.

முதலில் அவர் தூரிகையைத் தொடவே இல்லை. எண்ணெய்க் குழாய்கள் சேரும் துளைகள், அளவுகோல் செருகும் துளை, மூச்சுத் துளை என ஒவ்வொன்றையும் தேடித் தேடி அடைத்தார். உதிரும் துருத்தூள் உள்ளே விழுந்தால், சுத்தம் செய்வதே கேடாக முடியும். அதன்பின் மகன் மண்ணெண்ணெய் நனைத்த தூரிகையால் வெளிப்புறத்தைத் தேய்த்தான். சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் கியர்ப்பெட்டி புதியதுபோல் தோன்றியது.

கூரையின் கீழ் மூடி வைத்த பொருள் எப்படித் துருப்பிடித்தது? இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு அதனை விரைவுபடுத்தும். நம் நாட்டுக் காற்றின் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். பகலில் கியர்ப்பெட்டி சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் அது குளிரும்போது ஈரக்காற்று உள்ளே நுழையும். எண்ணெய் வடிக்கப்பட்டிருந்ததால், உள்ளிருந்த எஃகைக் காக்க ஒன்றுமில்லை. நெகிழித்தாளோ ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது.

தில்லியின் மெஹ்ரோலியில் உள்ள இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கிறது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக உள்ளது. அதனால் மேற்பரப்பில் உருவான மெல்லிய படலம் துரு உள்ளே பரவாமல் தடுக்கிறது. இயந்திரத்திற்கு அத்தகைய படலமாக இருப்பது எண்ணெய். கியர்ப்பெட்டியில் அந்த எண்ணெய்ப் படலம் இல்லாமல் போயிருந்தது.

அடுத்து, இயந்திரத்தின் சுழற்சியை எண்ணெயின் வழியே கியர்ப்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைக் கழற்றினார்கள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம் அதன் கழுத்துப் பகுதியில்தான் பதியும். அங்கே இருந்த இலேசான கறையை, எண்ணெயில் நனைத்த மிக நுண்ணிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்க்கச் சொன்னார் பட்டறைக்காரர். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறல் வழியாக எண்ணெய் கசியும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் அப்பாகத்தை மாற்றத்தான் வேண்டும். நல்லவேளையாக, குழி ஏதும் இல்லை. ஆனால், டார்க் கன்வெர்ட்டரைக் கவிழ்த்தபோது பழுப்பு நிற நீர் வடிந்தது. பற்றவைத்து மூடப்பட்ட பாகம் அது. உள்ளே கைவிட்டுத் துடைக்க இயலாது.

எண்ணெய்த் தட்டைக் கழற்றியபோது மேலும் தெரிந்தது. கிளட்ச் தொகுதியின் எஃகுத் தட்டுகளில் ஓரமெல்லாம் துரு. அவற்றோடு உரசும் தட்டுகளின் மேற்பூச்சு காகித இழையால் ஆனது. நீர் பட்டால் அதன் பசை விட்டுப்போகும். கியரை மாற்றும் வால்வுகளோ தலைமுடியின் தடிமனைவிடக் குறுகிய இடைவெளியில் நகர்பவை. ஒரு துகள் சிக்கினாலும் நின்றுவிடும்.

“டார்க் கன்வெர்ட்டரையும் கிளட்ச் தட்டுகளையும் மாற்ற வேண்டும், அண்ணே. ஒரு வாரம் ஆகும்,” என்று தந்தையிடம் சொன்னார்.

“ஒரு வாரமா? நாளை மறுநாள் அம்மாவுக்குச் சிகிச்சை இருக்கிறதே! வெளியே நன்றாகத்தானே இருக்கிறது?”

“இப்படியே மாட்டினாலும் வண்டி நகரும். கூலியை வாங்கிக்கொண்டு நானும் போய்விடலாம். ஆனால், கூட்டரசு நெடுஞ்சாலையின் நடுவில் அது நின்றுபோனால், பின்னால் உட்கார்ந்திருப்பவர் உங்கள் அம்மா.”

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் உதவி கேட்கப் புறப்பட்டார். பதறாத காரியம் சிதறாது என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

அந்த வாரம் முழுவதும் மகன் பட்டறையில் இருந்தான். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசை மாறாமல் அடுக்கி, நூல் உதிராத துணியால் துடைத்தான். வால்வு எதையும் உப்புத்தாளால் தொடவில்லை. புதிய கிளட்ச் தட்டுகளைக் கியர் எண்ணெயில் ஊற வைத்த பிறகே பொருத்தினான். மாற்று டார்க் கன்வெர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றி, அது முழுமையாக உள்ளே அமரும் வரை தள்ளினான். சரியாக அமராமல் திருகாணியை முடுக்கினால் எண்ணெய் பம்பு உடைந்துவிடும்.

பழுதான பழைய கியர்ப்பெட்டி உதிரிப்பாகங்களுக்கு உதவும் என்று வீட்டுக்கு வந்தது. இம்முறை மகன் அதன் துளைகளையெல்லாம் அடைத்தான், எண்ணெய் நிரப்பினான், வெளியே தெரிந்த எஃகின் மீது கிரீசு தடவினான். தேதியை எழுதி ஒட்டித் தரையில் படாதவாறு பலகை மேல் வைத்தான்.

அடுத்த சிகிச்சை நாளன்று பாட்டி பின்னிருக்கையில் அமர்ந்தார். மகிழுந்து வேகமெடுத்தது. கியர் மாறியது அவருக்குத் தெரியவே இல்லை. அவர் வழக்கம்போல் சாலையை வேடிக்கை பார்த்துக்கொண்டே சென்றார்.