மாதவிலக்கும் மயிரிழை ஊசியும்

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த கதையில் மும்பைக்கும் பங்கு உண்டு. ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கித் தவித்த சீனாவுக்குக் காங்கிரஸ் 1938-இல் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் படித்தது பரேல் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில், மாட்டுங்காவிலிருந்து ரயிலில் இரண்டே நிலையம். 1942-இல் அவர் சீனாவிலேயே இறந்தார். நான்கே ஆண்டுகளில் இயக்குநர் சாந்தாராம் அவர் கதையைப் படமாக்கிவிட்டார். கூடப்போன பிஜய் குமார் பாசுவை யாரும் படமெடுக்கவில்லை. பின்னாளில் மறுபடி சீனா போய் ஊசிமுறையைக் கற்று, 1959 வாக்கில் கல்கத்தாவில் தொடங்கிவைத்தவர் அவர்தான்.

*

தாராவியில் எனக்குத் தெரிந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, மாதாமாதம் முதல் இரண்டு நாள் சுருண்டு கிடப்பாள். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று கேள்விப்பட்டு விசாரித்தேன். “பெரிய டாக்டரு நிமிந்து பாக்கதுக்குள்ள சீட்டு கைக்கு வந்துட்டு. இங்கன அரை மணி நேரம் படுக்க விடுதாங்கக்கா” என்றாள்.

ஒரே அறையில் அடுப்பு, கட்டில், மாமியார், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம். அங்கே பகலில் கால் நீட்டிப் படுக்கும் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஊசியின் பலனில் பாதி அந்தப் படுக்கைக்குச் சேரும் என்பது என் சந்தேகம்.

*

எங்கே குத்துகிறார்கள்? அடிவயிற்றில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், முக்கியமாகக் காலின் உட்புறம், கணுவுக்கு மேலே நான்கு விரற்கடை தூரத்தில். கடைசி இடத்தைச் சீனர்கள் சான்யின்ஜியாவ் என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அங்கே குத்துவதைப் பலரும் தவிர்ப்பதால், நாள் தள்ளிப்போயிருந்தால் படுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாதவலிக்குப் பெரும்பாலும் காரணம் கருப்பையின் உட்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின். அது கருப்பையை இறுக்கிப் பிழிகிறது. மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே தடுக்கின்றன. ஊசியோ உடம்பின் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபினைத் தூண்டுகிறது என்கிறார்கள்.

*

ஆய்வுகளைப் புரட்டினால் உற்சாகம் கொஞ்சம் வடிகிறது. மாதவலி பற்றிய 42 ஆய்வுகளை, 4,640 பெண்களை, 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு அலசியது. பலன் உண்டென்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்றில்லை என்று முடித்தது. ஆனாலும் வலி குறைந்ததாக ஒருத்தி சொன்னால், அதை நான் மறுக்கப் போவதில்லை. வலி அவளுடையது.

பிள்ளைப்பேறு விஷயத்தில் என் தாராளம் அவ்வளவு தூரம் போகாது. பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள 1,000 பெண்களை வைத்துச் சீனாவிலேயே நடந்த பெரிய ஆய்வு 2017-இல் வெளியானது. கருமுட்டையைத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரையோடு நிஜ ஊசி போட்டவர்களில் 29.4 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. மாத்திரையோடு போலி ஊசி போட்டவர்களில் 28 சதவீதம். மாத்திரை இல்லாமல் நிஜ ஊசி மட்டும் என்றால் 13.9தான். வேலை செய்தது மாத்திரை. ஐவிஎஃப் செய்துகொண்ட 848 பெண்களிடம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்விலும், நிஜ ஊசிக்கும் போலி ஊசிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை.

கல்யாணமாகிக் குழந்தையில்லாமல் ஆறேழு வருடம் ஆனவர்களிடம் செம்பூரில் “பத்து சிட்டிங் போதும்மா, நிச்சயம் தங்கும்” என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடலாம்.

*

மகாராஷ்டிரம் அக்குபங்சருக்கென்றே 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் சட்டம் இருப்பதாலேயே சிகிச்சை பலிக்கும் என்று ஆகிவிடாது. ஊர்ப்பக்கம், தமிழ்நாட்டில், ‘ஹீலர்’ என்று பெயர்ப்பலகை மாட்டியவர்களில் சிலர் ஸ்கேன் வேண்டாம், மாத்திரையை நிறுத்து என்கிறார்களே, அதுதான் எனக்குக் கிலி. ஊசியால் செத்தவர்கள் அபூர்வம். ஊசியை நம்பிக் காலம் கடத்தியவர்கள் அப்படி அபூர்வமில்லை.

*

வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் தாராவித் தமிழ் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கருப்பட்டி ஊரிலிருந்து பையில் வரும். நல்ல சாப்பாடுதான், ஆனால் அளவுமீறி ரத்தம் போகும் பெரும்பாட்டுக்கு அது மருந்தாகாது. இழக்க நம் பெண்களிடம் ரத்தமும் அதிகமில்லை: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மகாராஷ்டிரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 54 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

*

ஊசி போட்டுக்கொள்ளப் போவதென்றால் போங்கள். ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை குத்தியது குப்பைக்குப் போகவேண்டும். ஆனால் மணிக்கொரு நாப்கின் நனைகிறது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை, கட்டி கட்டியாகப் போகிறது, தீட்டு நின்று வருடமான பிறகு மறுபடி படுகிறது என்றால் முதலில் சயான் ஆஸ்பத்திரி. நார்க்கட்டியா, எண்டோமெட்ரியோசிஸா, தைராய்டா என்று பார்த்துச் சொல்லட்டும். ஊசியை அதற்கப்புறம் யோசிக்கலாம்.