பெட்டி வாசிக்கும் பெண்ணுக்கு எழுதாத ஒப்பந்தம்

சித்திரை, வைகாசியில் உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களுக்குப் போனால் ஒரே பாரதத்தை இரண்டு விதமாகக் கேட்கலாம். பகலில் திரௌபதி அம்மன் கோயில் பந்தலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவு பத்து மணிக்கு மேல் அதே கதை கூத்தாக, ஆடுகளமான களரியில் இறங்கும். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு என்று இரவுக்கு ஒன்றாக ஓடி, துரியோதனன் படுகளத்திலும் தீமிதியிலும் முடியும்.

கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிச் சுழன்றாடும் வேஷக்காரர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் போனது அவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக. மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம், ஆர்மோனியம் இவ்வளவுதான் மேளக்கட்டு. ஆர்மோனியத்தைப் பெட்டி என்றும், வாசிப்பவரைப் பெட்டிக்காரர் என்றும் சொல்வார்கள். ஜமா என்று சொல்லும் கூத்துக் குழு ஒன்றில் பெட்டி வாசிப்பது ஒரு பெண் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் பேசச் சம்மதித்தார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "போட்டா அடுத்த சீசன்ல எவனாவது எதாவது சொல்லுவாங்க அக்கா. ஜமாவுக்குத்தான் நஷ்டம்" என்றார். அந்த அச்சத்தை மதித்து எழுதுகிறேன்.

அவருடைய அப்பாவும் பெட்டிக்காரர். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து துருத்தி போட்டுக் கொடுப்பதில் தொடங்கியிருக்கிறார். அப்பா சொன்ன முதல் பாடம், பெட்டி பாடகருக்கு முன்னால் ஓடக் கூடாது என்பது. கூத்தில் எழுதி வைத்த நீளம் எதற்கும் கிடையாது. கர்ணன் வேஷக்காரருக்கு அன்று குரல் நன்றாக இருந்தால் ஒரு விருத்தம் இரண்டு மடங்காகும். கூட்டம் சோர்ந்தால் ஒரு கட்டம் பாதியில் சுருங்கும். வேஷக்காரர் மூச்சு இழுக்கும்போது பெட்டி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அவர் வாய் திறந்ததும் விலக வேண்டும். பின்பாட்டுக்காரர்களுக்கு அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். திரைக்குப் பின்னால் வேஷம் தயாராகவில்லை என்றால், கட்டியங்காரன் பேசி இழுக்கும் நேரம் முழுவதும் விரலை நிறுத்தாமல் இருக்க வேண்டும். இத்தனையும் காதால் வந்த கல்வி. நோட்டேஷன் கிடையாது, எழுதிய பாட்டுப் புத்தகம் பார்த்து வாசிக்க வெளிச்சமும் கிடையாது.

சுருதி தனிக் கணக்கு. ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு ஊர்க்கோடிவரை குரல் எட்ட வேண்டும் என்பதால் கூத்துக்காரர்கள் உச்சத்தில் பாடிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. நள்ளிரவு தாண்டியதும் ஒருவருக்குக் குரல் கம்மும். அரைக் கட்டை இறங்குவார். ஆர்மோனியத்தில் உடனே வேறு கட்டையை ஆதாரமாக வைத்து விரலையெல்லாம் மாற்றி வாசிக்க வேண்டும். இப்போது அவரிடம் கீபோர்டும் இருக்கிறது. அதில் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் போதும், அதே விரலில் சுருதி இறங்கிவிடும். ஆனாலும் துகிலுரிதலுக்கும் படுகளத்துக்கும் அவர் பெட்டியைத்தான் எடுக்கிறார். "ஒப்பாரிக்குத் துருத்தி வேணும். குரல் நடுங்கறப்ப காத்தை அடக்கி விட்டாத்தான் கூடவே அழும். கீபோர்டு அழாது" என்றார். நான் பார்த்த இரவில் திரௌபதி கூந்தலை விரித்துச் சபையைப் பார்த்துக் கேள்வி கேட்டபோது, அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

அந்தத் திரௌபதி வேஷம் கட்டியவர் ஆண். கட்டைக்கூத்து என்றும் சொல்லும் இந்தக் கூத்து தலைமுறை தலைமுறையாக ஆண்களின் கலை. பெண் வேஷமும் அவர்களுடையதே. இதை மாற்ற இதே மாவட்டத்தில் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. பெருங்கட்டூர் பி. ராஜகோபால், சக கூத்துக் கலைஞர்களோடும் நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்த ஹன்னே டி புரூயினோடும் சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார். 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் திறந்தார்கள். அங்கே பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் படித்தார்கள். பெண் பிள்ளைகளும் சேர்ந்து, வேஷம் கட்டினார்கள், வாத்தியமும் கற்றார்கள். திலகவதி பழனி போன்ற கலைஞர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். டி. எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் கூத்துக்காரர்களோடு ஒரே மேடையில் பாடிய கர்நாடகக் கட்டைக்கூத்தும் அந்தச் சங்கத்தோடு சேர்ந்து நடந்ததுதான். குருகுலம் 2020இல் மூடப்பட்டது. பெண்ணால் ஓர் இரவு முழுக்கக் களரியில் நிற்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தப் பதினெட்டு ஆண்டுகள் பதில் சொல்லிவிட்டன. முடியும்.

அப்படியானால் களரியில் பெண்கள் ஏன் இன்னும் இவ்வளவு குறைவு? இதை அவரிடம் கேட்டேன். திறமை, சாமி, தீட்டு என்றெல்லாம் அவர் பேசவில்லை. கழிப்பறையைப் பற்றிப் பேசினார். மாலை ஆறு மணிக்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் மறுநாள் காலை எட்டு மணிவரை அங்கேதான். ஆண்கள் ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள். இவர் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். உடை மாற்ற யாராவது ஒரு வீட்டுக்காரம்மாள் மனம் வைக்க வேண்டும். கூத்து முடிந்ததும் ஜமாவின் வேனில் அடுத்த ஊருக்கு. சீசனில் இப்படித் தொடர்ந்து பல இரவுகள். "ஒரு ஊர்ல பெரியம்மா ஒருத்தங்க ரூமைத் திறந்து விட்டு, வெந்நீர் வெச்சிக் குடுத்தாங்க. அந்த ஊருன்னா நல்லா வாசிப்பேன்" என்றார். அவருடைய வாசிப்பு யாரோ ஒருவரின் நல்ல மனத்தைப் பொறுத்து நிற்கிறது.

அடுத்தது கல்யாணம். குருகுலத்தில் படித்த பெண்கள் பலருக்கும் கலை நின்ற இடம் அதுதான். இரவு வெளியில் தங்கும் வேலைக்கு மருமகளை அனுப்ப எந்த வீடு சம்மதிக்கும் என்பது இவர் வீட்டிலும் பேச்சாக இருக்கிறது. ஜமாவை நடத்தும் வாத்தியார் இவர் பக்கம் நிற்கிறார். "என் பொண்ணு மாதிரி. பெட்டி இல்லாம ஆட்டம் எடுக்காது, அதுவும் இவ கை இல்லாம எடுக்காது" என்று ஊர்க்காரர்கள் முன்னாலேயே சொன்னார். வருமானத்தைப் பங்காகப் பிரிப்பதிலும் இவருக்குக் குறை வைப்பதில்லை. அந்த வாத்தியார் இருக்கும்வரை சரி. அவருக்குப் பிறகு என்ன என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

மேடை ஏறிய தமிழ்ப் பெண்களின் கதை நெடுக இப்படி யாரோ ஒருவரை நம்பி நிற்பதே நடந்திருக்கிறது. பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்திய கும்பகோணம் பாலாமணி அம்மாளுக்காக ரயிலே விட்டார்கள் என்பார்கள். அந்தக் கம்பெனி அவரோடு முடிந்தது. மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் கோயில் வீதிகளில் நாதஸ்வரம் வாசித்துப் புகழ்பெற்றவர்; கணவரை இழந்த பிறகு மங்கல வாத்தியத்தில் அவருக்கு இடமில்லாமல் போனது. கடம் சுகன்யா ராம்கோபாலுக்கு ஹரிஹர சர்மா என்ற குரு கிடைத்தார். ஆனாலும் பெண்ணோடு உட்கார மாட்டோம் என்று சொன்ன பக்கவாத்தியக்காரர்களை அவர் மேடையில் சந்தித்தார். பெண்களை மட்டும் வைத்து ஸ்த்ரீ தாள் தரங் குழுவை அமைத்து, பிறருக்கும் இடம் உண்டாக்கினார். நல்ல குரு, நல்ல கணவர், நல்ல வாத்தியார் கிடைத்தவர் நிலைத்தார். கிடைக்காதவர் பெயரே நமக்குத் தெரியாது.

அரசு தரும் வழியும் இந்தப் பெண்ணுக்குக் குறுகியதுதான். காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகியவை இசைப்பள்ளிகளின் பாடங்கள். பெட்டி அந்த வரிசையில் இல்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகலாம்; அது உதவித்தொகைக்கு வழி. இரவு தங்க இடத்துக்கு அல்ல.

விழா நடத்தும் ஊரோடு ஜமா செய்துகொள்ளும் ஒப்பந்தம் வெற்றிலை பாக்கும் முன்பணமும்தான். எத்தனை இரவு, என்ன கதை, எவ்வளவு பணம் என்பது வாய்ச்சொல். மற்றதெல்லாம் ஊரின் மனம். ஆனால் முறையை எழுதி வைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அதன் சுவரில்தான். ஊர்ச் சபைக்கு முப்பது குடும்பிலிருந்து, அதாவது ஊரின் முப்பது பிரிவுகளிலிருந்து, ஆள் எடுப்பது எப்படி, வயது 35க்கு மேல் 70க்குள், சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் ஆகாது என்று வரி வரியாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சபையில் பெண்ணுக்கு இடம் இருந்ததில்லை. ஆனாலும் ஒரு பாடம் அதில் உண்டு: ஆளின் நற்குணத்தை நம்பிவிடாமல் முறையை எழுதி வைத்தார்கள்.

பாரதம் வைக்கும் ஊர்ப் பெரியவர்களிடமும் விழாக் குழுக்களிடமும் கேட்பது இதைத்தான். முன்பணம் கொடுக்கும்போது ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். கலைஞர்களில் பெண் இருந்தால் உள்ளே தாழிடும் அறை ஒன்று. இரவு முழுக்கத் திறந்திருக்கும் கழிப்பறை. ஆணுக்குள்ள அதே பங்கு. விடிந்ததும் வீடுவரை வண்டி, வேண்டுமானால் துணைக்கு வரும் ஒருவருக்கும் சாப்பாடு. பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகும் செலவில் இது சிறு பகுதி. இந்த நான்கு வரி இருந்தால் மகளை அனுப்ப ஒரு தகப்பன் துணிவார், மருமகளை அனுப்ப ஒரு மாமியார் சம்மதிப்பார். அடுத்த சித்திரைக்கு முன்னால் எழுதிவிடுங்கள்.