மடியில் பிள்ளையோடு மாவடிப்பள்ளிக்கு

கைக்குழந்தையோடு கடல் கடந்து ஊருக்கு வருகிறவர்களிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஒன்றும் விளங்காத வயதில் பிள்ளையை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? தோஹாவிலோ லண்டனிலோ பிறந்த ஆறு மாதப் பிள்ளைக்கு மாவடிப்பள்ளியின் வயல்வெளியும் நினைவில் நிற்காது, உம்மம்மாவின் முகமும் நிற்காது. மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தக் கேள்வி முழுப் பயணத்தையும் பிள்ளையின் கணக்கில் எழுதிவிடுகிறது. இலங்கையின் கிழக்குக் கரையைப் பொறுத்தவரை அதைத் தாயின் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பேன்.

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோகிறார். வீடு பெண்ணுக்குச் சீதனம். குடி என்னும் குலமரபும் தாய்வழியாகவே இறங்குகிறது. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்ந்து 2008இல் வெளியிட்ட நூல் இந்த அமைப்பை, தமிழர் முஸ்லிம் இரு சாராரிடமும், விரிவாகப் பதிந்திருக்கிறது. இதன் பயன் பிள்ளைப்பேற்றின்போதுதான் முழுதாகத் தெரியும். பிள்ளை பெற்றவள் எங்கும் போக வேண்டியதில்லை. உம்மா அதே வளவில். ராத்தாவும் சாச்சியும் வேலிக்கு அப்பால். சரக்குக் கறி ஆக்க ஒருத்தி, பிள்ளையைக் குளிப்பாட்ட ஒருத்தி, இரவில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க இன்னொருத்தி. நாற்பது நாள் இப்படிக் கழியும். தமிழ்நாட்டின் பல சமூகங்களில் பெண் கலியாணத்தோடு பிறந்த வீட்டை விட்டுப் போகப் பழகிவிடுகிறாள். இங்குள்ள பெண்ணுக்கோ பெரும்பாலும் அந்தப் பிரிவை முதலில் கொண்டுவருவது விமானம். கணவன் வேலைக்குப் போனபின் மாடிக்குடியிருப்பொன்றில் அவளும் பிள்ளையும் மட்டும். அவள் இழந்தது உறவினரின் பாசம் மட்டுமல்ல, நான்கைந்து பெண்கள் பகிர்ந்து செய்த வேலையை ஒற்றை ஆளாகச் சுமக்கிறாள்.

அரசின் ஏடுகளுக்கு இந்தத் தாய்வழி முறை நெடுநாள் பிடிபடவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியாக மட்டுமே வம்சாவளிக் குடியுரிமை தந்தது. தாயையும் கணக்கில் எடுத்தது 2003ஆம் ஆண்டுத் திருத்தம். குடியைத் தாயிடம் வாங்கும் ஊர்கள் அரைநூற்றாண்டுக்கு மேல் அந்தச் சட்டத்தின் கீழ்தான் பிள்ளைகளைப் பதிந்தன.

வீடியோ அழைப்பு இருக்கிறதே என்பார்கள். அதை இகழ மாட்டேன். ஒன்றரை வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்று 2016இல் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே, உறவினரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது. முகம் காட்ட அது போதும். பிள்ளையை ஒரு மணிநேரம் வாங்கி வைத்திருந்து தாயைத் தூங்கவிட அதால் முடியாது. அப்படியானால் உம்மம்மா அங்கே போகட்டுமே? போகலாம், சிலர் போகிறார்கள். ஆனால் போவது ஒருவர். வளவு முழுவதும் போக முடியாது. மற்ற மகள்மாரும் அவர்களின் பிள்ளைகளும் அதே உம்மம்மாவை நம்பித்தான் இருக்கிறார்கள். விசா முடியும் திகதியும் பிள்ளையின் வயதைப் பார்த்து வருவதில்லை.

பிள்ளைக்கு நோய் வந்துவிடும் என்பது இவற்றைவிடக் கனமான ஆட்சேபம். மலேரியா பயம் வேண்டாம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. டெங்கு உண்டு, அது பகலில் கடிக்கும் நுளம்பு, ஆகவே பகல் தூக்கத்துக்கும் நுளம்பு வலை வேண்டும். இங்கே தட்டம்மைத் தடுப்பூசி 9 மாதத்தில். பல நாடுகளில் ஒரு வயதில்தான். 2023இல் தட்டம்மை மீண்டும் தலைகாட்டியதால், ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு முன்கூட்டியே ஒரு ஊசி போடலாமா என்று வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. நான் உண்மையில் அஞ்சுவது றோட்டுக்கு. தோஹாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஐந்து மணிநேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காதடைப்புக்கும் அதுவே மருந்து. அங்கிருந்து மாவடிப்பள்ளிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், அதைவிடக் கூடிய நேரம் வேனில். மகியங்கனை வழியென்றால் 18 வளைவு என்று பெயர்பெற்ற மலைப்பாதை. பொலன்னறுவை, மட்டக்களப்பு வழியென்றால் சமதரை, தூரம் அதிகம். ரயிலில் வந்தாலும் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். வாடகை வேனில் பிள்ளைக்கான ஆசனம் பொதுவாக இருக்காது, நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டும் சாரதியின் பின்னால் பிள்ளை தாயின் மடியில் இருக்கும். பல விமான நிறுவனங்கள் அந்த ஆசனத்தைக் கட்டணமின்றி ஏற்றுகின்றன. சொக்கலேட்டுப் பெட்டிகளைக் குறைத்து அதைக் கொண்டுவரலாம். கொழும்புப் பக்கம் ஓரிரவு தங்கிப் பகலில் புறப்படவும் செய்யலாம்.

தாயின் இளைப்பாறலுக்காக வருவதென்றால் ஊரும் சிலதை விட்டுக்கொடுக்க வேண்டும். இருக்கும் பத்து நாளில் வாப்பும்மா வீடு, மூத்தம்மா வீடு, மாமி வீடு என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் ஓடினால், அவள் களைத்துத்தான் திரும்புவாள். போகாவிட்டால் மனஸ்தாபம் வரும், குறிப்பாகத் தகப்பன் பக்கத்தில்; அந்தக் கவலை நியாயமானது. அதற்காக வாப்பும்மாவை அழைத்துவந்து சில நாள் வளவில் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் அவருக்கும் பேரப்பிள்ளையோடு கூடுதல் நேரம் கிடைக்கும். பத்து நாள் வருவதைவிட, கணவன் முன்னதாகத் திரும்பினாலும் பரவாயில்லையென்று, தாயும் பிள்ளையும் இரண்டு மாதம் தங்குவதே மேல்.

பிள்ளை வளரட்டும், பிறகு வரலாம் என்கிற யோசனைக்கு மழைதான் பதில். ஐரோப்பாவில் வாழ்பவர்களுக்கு டிசம்பர் விடுமுறை வசதி. இங்கே அது வாடைமழைக் காலம். 2024 நவம்பர் 26இல் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே றோட்டை மூடிய வெள்ளம், மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்று உயிர்களைப் பறித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளை மண்சரிவால் அடைத்தது. பெரும்போக அறுவடை நேரமோ, அதன் பின்வரும் மாதங்களோ பாதுகாப்பானவை. அந்த மாதங்களைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் பிள்ளை பள்ளிக்கூடம் போகாத வரைக்கும்தான். ஐந்து வயதானதும் பள்ளிக்கூட விடுமுறைதான் பயணத் திகதியைக் குறிக்கும்.